விட்டுவிட்டு எரியும் விளக்கு: போர்ஷே பாக்ஸ்டர் 986-இன் எச்சரிக்கைக் குறிகளைச் சூழல்வழி ஆராய்தல்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

நிலையாக எரியும் எச்சரிக்கை விளக்கு எந்த மெக்கானிக்கையும் அதிகம் கலக்குவதில்லை. பழுது அப்போதும் காரில் இருக்கிறது, அளந்தால் அகப்பட்டுவிடும். காலையில் எரிந்து, பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் அணைந்துவிடும் விளக்குதான் சிக்கல். கார் ஒழுங்காக ஓடுகிறது. ஸ்கேனரில் ஒரு பழைய பிழைக்குறியீடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது சுட்டும் சென்சாரை மாற்றுகிறார்கள். அடுத்த மழையில் விளக்கு மறுபடி எரிகிறது.

இத்தகைய பழுதுகளை விளக்கின் பெயரைக் கொண்டு வகைப்படுத்துவதே வழக்கம்: ஏபிஎஸ் விளக்கா, ஏர்பேக் விளக்கா, எஞ்சின் விளக்கா என்று. விட்டுவிட்டு வரும் பழுதுக்கு அந்த வகைப்பாடு போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. எந்த விளக்கு எரிந்தது என்பதோடு, எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்பதையும் முதல்நிலைச் சான்றாகக் கொள்ள வேண்டும். ஈரம், சூடு, அசைவு, வேகம் ஆகிய நான்கு சூழல்களில் எது பழுதைத் தோற்றுவிக்கிறது என்று பிரித்துவிட்டால், தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

இதை ஆராய்வதற்கு போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறையான 986 மிகப் பொருத்தமானது. 1993 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரி வடிவமாக அறிமுகமாகி, 1996 முதல் 2004 வரை உற்பத்தியில் இருந்த இரண்டு இருக்கைக் கார் இது. கூரை துணியாலானது, ஆறு சிலிண்டர் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னே, காரின் நடுவில் இருக்கிறது, பேட்டரியோ முன்பக்கச் சாமான் அறையில். இந்த அமைப்பே நான்கு சூழல்களுக்கும் தனித்தனியாக வழி திறந்துவிடுகிறது. மேலும் இவ்வகைக் கார்கள் எல்லாம் இன்று இருபது ஆண்டுகளைக் கடந்தவை. கனெக்டர்களும் வயர்களும் முதுமையடைந்தவை.

2. விளக்கை இயக்கும் தருக்கம்

2.1 எஞ்சின் விளக்கு

அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்து கட்டாயமான ஓபிடி-2 விதிகளின்படி, புகை வெளியேற்றம் தொடர்பான பல பழுதுகளுக்கு எஞ்சின் விளக்கு முதல் முறையிலேயே எரிவதில்லை. முதல் ஓட்டத்தில் காணப்படும் குறை தற்காலிகக் குறியீடாகப் பதிவாகும். அடுத்த ஓட்டத்திலும் அதே குறை தென்பட்டால்தான் விளக்கு எரியும். பின்னர் மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து குறையின்றிக் கழிந்தால் விளக்கு தானே அணையும். குறியீடு மட்டும், பொதுவாக எஞ்சின் 40 முறை சூடேறி ஆறும் வரை நினைவகத்தில் தங்கியிருக்கும்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று பெறப்படுகிறது: விளக்கு எரிந்த நேரமும் பழுது நேர்ந்த நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. செவ்வாயன்று எரிந்த விளக்குக்கு ஞாயிற்றுக்கிழமை மழை காரணமாக இருக்கலாம். இந்த விதிக்கு விலக்கு, எஞ்சின் விளக்கு கண்சிமிட்டுவது. எரியாத பெட்ரோல் கேடலிட்டிக் கன்வர்ட்டரைச் சிதைக்கும் அளவுக்கு மிஸ்பயர் நடந்துகொண்டிருக்கும்போதே அது சிமிட்டுகிறது. அங்கே காலதாமதம் இல்லை. வேகத்தைக் குறைத்து, எஞ்சின் மீதான சுமையை உடனே தளர்த்த வேண்டும்.

2.2 ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள்

இவற்றை இயக்குபவை தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். சாவி திருப்பப்பட்டதும் அவை தம்மைத்தாமே சோதித்துக்கொள்கின்றன. ஏபிஎஸ் விளக்கு, குறை நீங்கியிருந்தால் அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது பெரும்பாலும் அணைந்துவிடும். ஏர்பேக் விளக்கின் இயல்பு வேறு: ஒரே ஒரு முறை நேர்ந்த தொடர்பிழப்பையும் நினைவில் இருத்திக்கொண்டு, தகுந்த கருவியால் அழிக்கும் வரை அது எரியக்கூடும். ஆகவே நிலையாக எரியும் ஏர்பேக் விளக்குக்குப் பின்னாலும் விட்டுவிட்டு வரும் பழுது ஒளிந்திருக்கலாம்.

2.3 ஒரு விளக்கும் பல விளக்குகளும்

ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் அந்தச் சுற்றில் தேடலாம். தொடர்பில்லாத இரண்டு மூன்று விளக்குகள் ஒரே நொடியில் எரிந்தால், ஒவ்வொன்றையும் தனிப் பழுதாக எண்ணுவது வீண். அவை பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் பேட்டரி, எர்த், ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றில்தான் தேடல் தொடங்க வேண்டும்.

3. நான்கு சூழல்கள்

3.1 ஈரம்

துணிக்கூரையிலிருந்து வழியும் மழைநீர், கூரை மடிந்து அமரும் இடத்தின் இருபுறமும் உள்ள வடிகால் துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். மரநிழலில் நிறுத்தப்படும் காரில் இலைச்சருகும் தூசியும் இத்துளைகளை அடைக்கின்றன. தேங்கும் நீர் உள்ளே புகுந்து தரைவிரிப்பை ஊறவைக்கிறது. 986-இல் அலாரத்தையும் இம்மொபிலைசரையும் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கை அடியில், தரைமட்டத்தில் இருக்கிறது. அதனுள் நீர் புகுந்தால் பூட்டு தானாகத் திறப்பது, காரணமின்றி அலாரம் அலறுவது, சாவியை ஏற்க மறுப்பது என்று பார்வைக்குத் தொடர்பற்ற குறிகள் தோன்றும். முடிவில் கார் ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். வெயிலில் காய்ந்ததும் சில குறிகள் மறைந்துவிடும். செம்புத் தடங்களில் தொடங்கிய அரிப்பு மறையாது.

ஈரத்தின் மற்றொரு இலக்கு இக்னிஷன் காயில்கள். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் ஒன்றாக ஆறு காயில்கள், எஞ்சினின் இருபக்கங்களிலும் தாழ்வாக, சூட்டுக்கும் சாலைநீருக்கும் நடுவே அமர்ந்திருக்கின்றன. நாளடைவில் அவற்றின் மேலுறை விரிசல் விடுகிறது. ஈரம் புகுந்ததும் உயர் மின்னழுத்தம் பிளக்கை எட்டாமல் விரிசல் வழியே எஞ்சின் உடலுக்குத் தாவுகிறது, மிஸ்பயர் நேர்கிறது. எஞ்சின் சூடேறி ஈரம் ஆவியானதும் எல்லாம் சரியாகிவிடும். மழைநாளிலும் கார் கழுவிய பின்னும் மட்டும் பி0301 முதல் பி0306 வரையிலான குறியீடுகளில் ஒன்று வந்தால், விரிசலைத் தேடுவதே முதல் வேலை.

3.2 சூடும் மின்சுமையும்

பேட்டரி முன்னே, ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் நடுவே என்பதால் பெரும் மின்னோட்டம் நீண்ட கேபிள் வழியாகச் செல்ல வேண்டியிருக்கிறது. இதன் அடுத்த தலைமுறையான 987-இல் இந்தக் கேபிள் முனை அரிப்பு பேர்பெற்ற பழுது. கணக்கு எளியது: 200 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.005 ஓம் கூடுதல் தடை இருந்தாலே ஒரு வோல்ட் இழப்பு. அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவீடு காட்டாது. செம்பின் தடையும் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஏறத்தாழ 39 சதவீதம் கூடும். அதனால் காலையில் எளிதாக ஸ்டார்ட் ஆகும் கார், நெடுந்தூரம் ஓடி நின்றபின் திணறுகிறது; மின்னழுத்தம் சரிந்த அந்த நொடியில் ஏபிஎஸ் முதலிய பெட்டிகள் தத்தம் விளக்குகளை எரியவிடுகின்றன. ஏபிஎஸ் பம்பில் குற்றம் ஏதுமில்லை.

சூட்டில் மட்டும் செயலிழக்கும் மற்றொரு பாகம் கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார். சூடேறும்போது உள்சுருளில் தொடர்பு அறுந்து எஞ்சின் நிற்கும். ஆறியதும் மறுபடி உயிர்பெறும். ஆறிய காரைப் பட்டறையில் சோதிப்பவருக்கு இது ஒருநாளும் அகப்படாது.

3.3 அசைவு

கனெக்டரின் ஊசிகளில் பூசப்பட்ட வெள்ளீயம் காற்றுப்பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலம் கொள்ளும். செருகும்போது அப்படலம் உடைந்து உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. ஓடும் காரின் அதிர்வில் ஊசி நுண்ணிய அளவில் முன்னும் பின்னும் உரசும்போது, ஒவ்வொரு உரசலும் புதிய ஆக்சைடு துகளைச் சேர்க்கிறது. பெரும் மின்னோட்டம் ஓடும் சுற்றில் சில ஓம் தடை சூடாக வெளிப்பட்டுவிடும். சிறு மின்னோட்டத்தால் தன்னைச் சோதித்துக்கொள்ளும் ஏர்பேக் சுற்றிலோ அது விளக்காகத்தான் வெளிப்படும். ஏர்பேக்கைத் தூண்டும் திரியின் தடை ஏறத்தாழ 2 ஓம் மட்டுமே என்பதால், இன்னும் சில ஓம் கூடினாலும் பெட்டி அதைப் பழுதாகவே கொள்ளும்.

986-இல் ஏர்பேக் விளக்குக்குப் பலமுறை காரணமாவது சீட் பெல்ட் பக்கிளினுள் இருக்கும் சுவிட்ச். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்துவதால் அடியில் உள்ள வயரும் கனெக்டரும் இழுபடுவதுண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் குறை தோன்றினால், சக்கரத்தின் அடியில் உள்ள சுருள்வயர்த் தொடர்பை ஐயுறலாம். சாவியைச் சற்று அசைத்ததும் பல கருவிகள் ஒன்றாகத் துடித்தால், இக்னிஷன் சுவிட்சின் மின்பகுதி தேய்ந்திருக்கக்கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கனெக்டரைக் கழற்றி மாட்டினாலே படலம் உடைந்து பழுது சில காலம் மறைந்துவிடும். சோதிப்பவரின் கையே சான்றை அழிக்கிறது. அதனால் கழற்றுவதற்கு முன் அளந்து பதிவு செய்ய வேண்டும்.

3.4 வேகமும் திருப்பமும்

ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய சூழல் இது. ஒரு திருப்பத்தில் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமானால், தொட்டிகளில் உள்ள திரவத்தின் மேற்பரப்பு 45 டிகிரி சாயும். பிரேக் பேட் தேயத் தேய, திரவம் காலிப்பருக்குள் இறங்குவதால் தொட்டியில் மட்டம் குறைகிறது. நேர்ச்சாலையில் மிதவை இன்னும் எல்லைக்கு மேலேயே இருக்கும். கடுந்திருப்பத்தில் கீழிறங்கி விளக்கை ஒருகணம் எரியவைக்கும். கூலன்ட் மட்டத்துக்கும் இதே விதிதான். இவை வயர் பழுதுகள் அல்ல. திரவம் உண்மையிலேயே எல்லையை நெருங்கிவிட்டது என்று விளக்கு முன்கூட்டியே சொல்கிறது.

986-இன் பின்பக்க ஸ்பாய்லர் மணிக்கு 120 கிலோமீட்டரில் எழுந்து, 80-க்குக் கீழே அமரும். அதன் விளக்கு நெடுஞ்சாலையில் மட்டும் எரிந்தால் வியப்பதற்கில்லை. நகருக்குள் அந்த மோட்டாருக்கு வேலையே வருவதில்லை. தூண்டல் வகைச் சக்கரவேகச் சென்சாருக்கோ எதிர்மாறான இயல்பு: வேகம் குறைந்தால் அதன் மின்குறி வலுவிழக்கும். பல்வளையத்தில் துருவேறி இடைவெளி கூடியிருந்தால், நிறுத்தத்தை நெருங்கும் மெதுவான ஓட்டத்தில்தான் ஏபிஎஸ் விளக்கு எரியும்.

4. சோதனை ஒழுங்கு

முதலாவது, ஓட்டுநரிடம் விசாரிப்பது. மழையா, எஞ்சின் சூடேறியிருந்ததா, திருப்பத்திலா, எந்த வேகத்தில், ஹெட்லைட் எரிந்ததா என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, குறியீட்டை அழிக்காமல் படிப்பது. குறியீடு பதிவான கணத்தில் இருந்த எஞ்சின் சுழற்சி, வேகம், கூலன்ட் வெப்பநிலை முதலியவை உறைபதிவாக உடன் கிடைக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். மலிவான பொது ஸ்கேனர்கள் எஞ்சின் குறியீட்டோடு நின்றுவிடுவதால், ஏபிஎஸ்-க்கும் ஏர்பேக்குக்கும் டியூராமெட்ரிக் போன்ற போர்ஷேக்கு உரிய கருவி தேவைப்படும்.

மூன்றாவது, மின் அடித்தளத்தைச் சோதிப்பது. நன்கு சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் ஊதுவிசிறியும் இயங்க, ஆல்டர்னேட்டர் முனைக்கும் பேட்டரியின் நேர்முனைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் கேபிளைச் சந்தேகிக்கலாம். எஞ்சினுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் தொடர்பைச் சுத்தம் செய்ய வேண்டும்.

நான்காவது, இடம் மாற்றிப் பார்ப்பது. இரண்டாம் சிலிண்டரின் காயிலை ஐந்தாம் சிலிண்டருக்கு மாற்றியபின் பி0302 என்பது பி0305 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் பிளக், வயர், இன்ஜெக்டர் என்று தேடல் தொடரும். ஏர்பேக் சுற்றில் இம்முறைக்கு இடமில்லை. அங்கே ஓம்மீட்டர் வைப்பதும், பேட்டரியைக் கழற்றிப் போதிய நேரம் காத்திராமல் கனெக்டரைத் தொடுவதும் ஆபத்து.

5. ஒரு மறுப்பும் விடையும்

குறியீடு சொல்லும் பாகத்தை மாற்றிப் பார்ப்பதே விரைவு; இவ்வளவு விசாரணைக்குப் பட்டறையில் நேரம் ஏது என்று கேட்கலாம். நிலையான பழுதுக்கு அந்த வாதம் பெரும்பாலும் பொருந்தும். விட்டுவிட்டு வரும் பழுதில் அது தவறிவிடுகிறது. குறியீடு சுட்டுவது ஒரு சுற்றை. அச்சுற்றில் சென்சாரோடு வயர், கனெக்டர், எர்த், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகிய எல்லாமே அடங்கும். அன்றியும், புதுச் சென்சாரை மாட்டும்போது பழைய கனெக்டர் தேய்த்துச் செருகப்படுகிறது. குணமடைந்தது கனெக்டர், பெயர் வாங்குவது சென்சார். விளக்கு சில வாரம் அணைந்திருப்பதை வெற்றியாகக் கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

6. முடிவு

சூழல்வழிப் பாகுபாடு பழுதைக் கண்டுபிடிக்கும் வழியை மட்டுமன்றி, பழுதுபார்ப்பைச் சரிபார்க்கும் அளவுகோலையும் தருகிறது. ஈரத்தில் தோன்றிய குறையை நீர் தெளித்தும், சூட்டில் தோன்றியதை நன்கு சூடேற்றி நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தும், அசைவில் தோன்றியதை ஸ்கேனரின் நேரலை அளவைக் கவனித்தபடி வயரை அசைத்தும், வேகத்தில் தோன்றியதை அதே வேகத்தில், சட்டம் இடங்கொடுக்கும் சாலையில் ஓட்டியும் மீண்டும் சோதிக்க வேண்டும். அப்போதும் விளக்கு எரியாவிட்டால்தான் வேலை முடிந்தது. பட்டறை தரும் பில்லில் மாற்றிய பாகத்தின் பெயருக்கு அடுத்து, எந்தச் சூழலில் சோதித்துப் பார்த்தார்கள் என்ற ஒரு வரியையும் கார்க்காரர் கேட்டு வாங்கலாம்.