செவித் துவாரத்தில் அந்நியப் பொருள்கள்

புறச்செவியின் வாயிலிருந்து செவிப்பறை வரையில் செல்லும் குழலுக்குள் வெளியிலிருந்து புகுந்தோ, புகுத்தப்பட்டோ தங்கிவிடும் மணி, தானியம், பஞ்சு, பூச்சி முதலியன செவித் துவாரத்து அந்நியப் பொருள்கள் எனப்படும். வயது வந்தோர்க்கு ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள இக்குழலின் வெளிப்பகுதி குருத்தெலும்பாலும், உட்பகுதி மெல்லிய தோல் போர்த்த எலும்பாலும் அமைந்தவை; இவை சந்திக்கும் இடத்தை அடுத்துக் குழல் குறுகுவதால், அதனைக் கடந்து சென்ற பொருள் எளிதில் வெளிவருவதில்லை.

பிராய வேறுபாடு. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடத்திலேயே இது மிகுதி. பாசிமணி, பலப்பத் துண்டு, காகித உருண்டை ஆகியவற்றோடு, நெல்லும் உளுந்தும் வேர்க்கடலையும் விளையும் விக்கிரவாண்டி, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் களத்திலும் வாசலிலும் காயவைத்த தானியமும் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாகிறது. அடிக்கு அஞ்சிக் குழந்தை சொல்லாதிருந்துவிட, நாள் கடந்து துர்நாற்றத்தோடு சீழ் வடிந்த பின்னரோ, காரணம் விளங்காத வறட்டிருமல் கண்ட பின்னரோதான் பெற்றோர் அறிவதுண்டு. வேகஸ் நரம்பின் கிளையொன்று குழலின் தோலில் பரவியிருப்பதே காதின் உறுத்தல் இருமலாக வெளிப்படுவதற்கு ஹேதுவாம்.

நடுவயதினர், குறும்பி எடுப்பதற்கென்று தீக்குச்சி, ஊக்கு, கோழியிறகு முதலியவற்றால் காது குடையும் பழக்கத்தினால் குச்சிமுனையையோ பஞ்சையோ உள்ளே விட்டுவிடுகின்றனர். கதிரடிக்கையில் நெல் தெறித்து விழுவதும், தரையில் உறங்குவோர் காதில் கரப்பானோ எறும்போ நுழைவதும் உண்டு. விருத்தர்களிடத்தில், செவிக்கருவியின் மென்முனையோ மறந்துவிட்ட பஞ்சோ அடைத்துக்கொள்ள, அதனால் வந்த மந்தத்தை மூப்பின் விளைவென்றே வீட்டார் எண்ணிவிடக்கூடும்.

அபாயமும் சிகிச்சையும். பெரும்பாலும் பொருளைக் காட்டிலும் அதனை எடுக்க முனையும் அவசரமே அதிகத் தீங்கு செய்கிறது. உருண்டை மணியை ஹேர்பின்னால் நெம்பினால் அது மேலும் உள்ளே உருள, தோல் கிழிந்து வீங்கி, செவிப்பறையும் துளைபடலாம். முதல் முயற்சி தவறினால் அடுத்த முயற்சி வைத்தியருக்கும் கடினமாகிறது. உளுந்து போன்ற தானியம் ஊறிப் பருக்குமாதலால் நீர் விடலாகாது. உயிருள்ள பூச்சியாயின், செவிப்பறை பழுதற்றதென்று தெரிந்தால் மாத்திரம் வெதுவெதுப்பான எண்ணெய் விட்டு அதனை அடக்கலாம். பொத்தான் வடிவப் பேட்டரியோ சில மணி நேரத்திலேயே திசுக்களை அரித்துவிடுமாதலின், எத்திரவமும் விடாது உடனே சிகிச்சைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

காது மூக்கு தொண்டை வைத்தியர், நுண்ணோக்கியின் வெளிச்சத்தில் வளைந்த கொக்கியாலோ உறிஞ்சு குழாயாலோ பொருளை எடுப்பார். அசையாதிருக்க இயலாத குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். விக்கிரவாண்டியை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இவ்வட்டாரத்தார்க்கு அண்மையிலுள்ளது. ஒரு பொருளை இட்ட குழந்தை மற்றொன்றையும் இட்டிருக்கக்கூடுமாதலால், மறு காதையும் நாசித் துவாரங்களையும் சோதித்தல் அவசியம். குழந்தையை அதட்டாது அன்போடு வினவும் இல்லத்தில், அது நேர்ந்த அன்றே உண்மை வெளிப்பட்டு, சிகிச்சையும் எளிதாக முடிகிறது.