மாணவர் விளையாட்டுத் தகுதிப் பரிசோதனையும் மருத்துவக் குறியீடுகளும்: அமெரிக்க வரலாறு

அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி அணிகளில் ஆட விரும்பும் மாணவர்கள் பருவம் தொடங்குவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டு, ஆடத் தடையில்லை என்று படிவத்தில் கையொப்பம் பெற வேண்டும். இது விளையாட்டுத் தகுதிப் பரிசோதனை எனப்படும். பேச்சுவழக்கில் ‘ஸ்போர்ட்ஸ் பிசிகல்’ என்பார்கள். இது நோய்க்கான சிகிச்சை அல்ல. முழுமையான தடுப்பு மருத்துவமும் அல்ல. ஒரு சான்றுக்காகச் செய்யப்படுவது. ஆகவே இதற்கு யார் பணம் தருவது என்ற கேள்வி தொடக்கம் முதலே இருந்துவருகிறது. மருத்துவக் குறியீட்டு முறைகள் அதற்கு அளித்த விடைகள், பரிசோதனை நடக்கும் இடத்தையும் விதத்தையும் பாதித்துள்ளன.

தொடக்கம்

மாணவர் உடற்பரிசோதனை அமெரிக்கக் கல்லூரிகளில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1861இல் பொறுப்பேற்ற மருத்துவர் எட்வர்ட் ஹிட்ச்காக், மாணவர்களின் உயரம், எடை, மார்புச் சுற்றளவு, தசைவலிமை ஆகியவற்றை அளந்து பதிவுசெய்தார். ஹார்வர்டின் ஹெமன்வே உடற்பயிற்சிக் கூடத்துக்கு 1879இல் இயக்குநரான டட்லி சார்ஜென்ட், இத்தகைய அளவீடுகளின் அடிப்படையில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்சி வகுத்தார். இவை கல்லூரியின் பணிகளாகவே இருந்தன; மாணவருக்குத் தனி ரசீது கிடையாது.

1905இல் கால்பந்தாட்டக் களங்களில் நிகழ்ந்த மரணங்கள் நாடெங்கும் விவாதமாயின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906இல் கல்லூரிகளுக்கான விளையாட்டுச் சங்கம் ஒன்று அமைந்தது. அது 1910இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்று பெயர் மாறியது. உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசியக் கூட்டமைப்பு 1920இல் உருவானது. மாநிலச் சங்கங்கள் காலப்போக்கில் மருத்துவச் சான்றைத் தகுதி விதிகளில் சேர்த்தன. விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டதால் ஒரே தேசியப் படிவமோ ஒரே கட்டண முறையோ ஏற்படவில்லை.

காப்பீட்டுக்கு வெளியே

1929இல் டெக்சஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் பெய்லர் மருத்துவமனை, பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் 50 சென்ட் சந்தாவில் 21 நாள் மருத்துவமனைச் சிகிச்சை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளைய ‘புளூ கிராஸ்’ காப்பீட்டின் முன்னோடி இதுவே. எதிர்பாராமல் வரும் பெருஞ்செலவைப் பலர் பகிர்ந்துகொள்வதே இதன் அடிப்படை. ஆண்டுதோறும் வரும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு பரிசோதனைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தை உருவாக்கிய 1965ஆம் ஆண்டுச் சட்டமும் வழக்கமான உடற்பரிசோதனையை வெளிப்படையாக விலக்கியது.

ஏழைக் குழந்தைகளைப் பொறுத்தவரை 1967இல் ஒரு மாற்றம் வந்தது. மெடிக்கெய்ட் திட்டத்தில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்குக் குறித்த கால இடைவெளியில் பரிசோதனை செய்து, கண்டறியப்படும் குறைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. ஆயினும் அது உடல்நலத்துக்கான பரிசோதனை. விளையாட்டு அணியில் சேரும் சான்றுக்கானது அன்று.

குறியீடுகளின் வருகை

அமெரிக்க மருத்துவர் ஒருவர் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கோரும்போது இரண்டு வகைக் குறியீடுகளை எழுதுகிறார். ஒன்று, என்ன செய்யப்பட்டது என்பதைக் கூறுவது. மற்றது, எதற்காகச் செய்யப்பட்டது என்பதைக் கூறுவது. முதலாவதான சிபிடி குறியீட்டு நூலை அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் வெளியிட்டது. 1970இல் ஐந்திலக்க எண்கள் வந்தன. 1983இல் மெடிகேர் அதை ஏற்றுக்கொண்டதால் நாடு முழுவதும் அது நிலைபெற்றது. இரண்டாவது, உலக நோய் வகைப்பாட்டின் அமெரிக்க வடிவமான ஐசிடி. அதன் ஒன்பதாம் பதிப்பின் அமெரிக்க வடிவம் 1979இல் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒன்பதாம் பதிப்பில் விளையாட்டுப் பரிசோதனைக்குரிய குறியீடு வி70.3. நிர்வாகத் தேவைக்கான பொதுப் பரிசோதனைகள் பலவும் அதன்கீழ் இருந்தன: பள்ளிச் சேர்க்கை, கோடை முகாம், ஓட்டுநர் உரிமம், திருமணம், தத்தெடுப்பு, குடியேற்றம், சிறைச் சேர்ப்பு, விளையாட்டுப் போட்டி. மருத்துவத் தேவையால் அல்லாமல் யாரோ கேட்ட ஒரு தாளுக்காக வந்தவர் என்பதே இவர்களுக்குப் பொதுவானது.

1992இல் சிபிடி நூலில் மருத்துவர் சந்திப்புக்கான குறியீடுகள் மாற்றி அமைக்கப்பட்டபோது, தடுப்பு மருத்துவச் சந்திப்புகளுக்கு வயதுவாரியான எண்கள் வந்தன. 12 முதல் 17 வயது வரை புதிதாக வருபவருக்கு 99384, ஏற்கெனவே அதே மருத்துவரிடம் வந்துகொண்டிருப்பவருக்கு 99394. 18 முதல் 39 வயது வரை முறையே 99385, 99395. விளையாட்டுத் தகுதிப் பரிசோதனைக்கென்று மட்டும் தனி எண் எதுவும் உருவாகவில்லை.

பெருகிய மாணவர்களும் மாறிய பரிசோதனையும்

கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மாணவிகள் பெருமளவில் அணிகளில் சேர்ந்தனர். 1971–72இல் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் 2,94,015 மாணவிகள் இருந்தனர். 2018–19இல் அந்த எண்ணிக்கை 34 லட்சம். பரிசோதிக்கப்பட வேண்டியவர்கள் பெருகியதும் பல பள்ளிகள் உடற்பயிற்சிக் கூடத்திலேயே முகாம் நடத்தின. ஒரு மேசையில் எடை, அடுத்ததில் இரத்த அழுத்தம், அடுத்ததில் கண்பார்வை, கடைசியில் மருத்துவர் என்று மாணவர்கள் வரிசையில் நகர்ந்தார்கள். சிறு தொகை ரொக்கமாக வாங்கப்பட்டது, அல்லது மருத்துவர்கள் இலவசமாகவே பார்த்தனர். காப்பீட்டுக்கு எதுவும் அனுப்பத் தேவையில்லாததால் குறியீட்டுச் சிக்கலும் எழவில்லை.

1990 மார்ச் 4 அன்று லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் ஹேங்க் கேதர்ஸ் ஆட்டத்தின் நடுவே சரிந்து விழுந்து இறந்தார். சில மாதங்களுக்கு முன்பே அவருக்கு இதயத் துடிப்புக் கோளாறு கண்டறியப்பட்டிருந்தது. இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் பற்றிய கவலையை இந்நிகழ்வு கூட்டியது. குடும்ப மருத்துவர்கள், குழந்தை மருத்துவர்கள், விளையாட்டு மருத்துவர்கள் ஆகியோரின் சங்கங்கள் இணைந்து 1992இல் இப்பரிசோதனைக்கான பொது வழிகாட்டி நூலை வெளியிட்டன. 1996இல் அமெரிக்க இதயச் சங்கம் 12 கூறுகள் கொண்ட இதயப் பரிசோதனைப் பட்டியலைப் பரிந்துரைத்தது; 2014இல் அது 14 ஆனது.

இப்பட்டியலின் பெரும்பகுதி கேள்விகளே. ஓடும்போது மயக்கம் வந்ததுண்டா, நெஞ்சு வலித்ததா, குடும்பத்தில் யாராவது 50 வயதுக்கு முன் இதய நோயால் இறந்தார்களா என்பன போன்றவை. இவற்றுக்கு விடை தரப் பெற்றோர் உடனிருக்க வேண்டும். மாணவரின் பழைய மருத்துவப் பதிவுகளும் வேண்டும். உடற்பயிற்சிக் கூட வரிசையில் இரண்டும் கிடைப்பது அரிது. ஆகவே பரிசோதனையை மாணவரின் வழக்கமான மருத்துவரிடமே செய்வது நல்லது என்ற கருத்து வலுப்பெற்றது. 2019இல் வந்த வழிகாட்டியின் ஐந்தாம் பதிப்பும் இதையே வலியுறுத்தி, மனநலம் பற்றிய கேள்விகளையும் சேர்த்தது.

இசட்02.5

பரிசோதனை மருத்துவரின் அறைக்கு வந்ததும் பணக் கேள்வியும் உடன் வந்தது. 2015 அக்டோபர் 1 முதல் ஐசிடி பத்தாம் பதிப்பின் அமெரிக்க வடிவம் நடைமுறையானது. அதில் விளையாட்டில் பங்கேற்பதற்கான பரிசோதனைக்கு இசட்02.5 என்ற தனிக் குறியீடு கிடைத்தது. பொதுப் பட்டியலிலிருந்து பிரிந்து தனி அடையாளம் பெற்றாலும், நிர்வாகப் பரிசோதனைகளின் இசட்02 தொகுதிக்குள்ளேயே அது வைக்கப்பட்டது. பல காப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய பரிசோதனைகளுக்குப் பணம் தருவதில்லை. எனவே இசட்02.5 மட்டும் எழுதப்பட்ட கோரிக்கை மறுக்கப்பட்டு, செலவு குடும்பத்தின் மேல் விழ வாய்ப்பு அதிகம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2010ஆம் ஆண்டு நலக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம், குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் தடுப்பு மருத்துவச் சந்திப்புகளைக் குடும்பத்தின் பங்குத்தொகை இல்லாமல் வழங்குமாறு பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்களைப் பணித்தது. ஆகவே ஆண்டுப் பரிசோதனையை 99394 என்றும், காரணத்தை இசட்00.129 என்றும் பதிந்து, அதே சந்திப்பில் விளையாட்டுப் படிவத்தையும் நிரப்பும் வழக்கம் பரவியது. அசாதாரணமாக ஏதேனும் தெரிந்தால் காரணக் குறியீடு இசட்00.121 ஆகும். ஒரே சந்திப்புக்கு இசட்00 தொகுதியையும் இசட்02 தொகுதியையும் சேர்த்து எழுதக்கூடாது என்று குறியீட்டு நூல் விலக்கு விதி கூறுவதால், எது முதன்மை என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

பணம் கிடைக்கும் என்பதற்காக மட்டும் எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஐந்து நிமிடப் பரிசோதனையை முழுமையான தடுப்பு மருத்துவச் சந்திப்பாகப் பதிந்தால் அது பொய்க் கோரிக்கை. மெடிக்கெய்ட் போன்ற அரசுத் திட்டங்களில் இது 1863ஆம் ஆண்டின் பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்கீழ் வரக்கூடிய குற்றச்சாட்டு. மறுபுறம், மாணவர் பிறந்தநாளையொட்டிக் குளிர்காலத்தில் ஆண்டுப் பரிசோதனையை முடித்திருந்தால், கோடையில் படிவத்துக்காக மீண்டும் வரும்போது காப்பீடு உதவாமல் போகலாம். அப்போது குடும்பங்கள் கடைத்தெரு மருத்துவ நிலையங்களில் ரொக்கம் கொடுத்துப் படிவம் பெறுகின்றன. படிவம் கிடைத்துவிட்டதால் ஆண்டுப் பரிசோதனையும் முடிந்ததாகக் கருதி, தடுப்பூசிகளும் மனநலக் கேள்விகளும் விடுபட்டுப் போகும் ஆபத்து உண்டு. வேறு எதற்கும் மருத்துவரிடம் செல்லாத வளரிளம் பருவத்தினருக்கு இது சிறிய இழப்பு அல்ல.

இசிஜி விவாதம்

இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு இசிஜி உள்ளிட்ட பரிசோதனையைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில் வீரர்களின் திடீர் இதய மரணம் பெருமளவு குறைந்ததாக 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. எல்லா மாணவருக்கும் கட்டாய இசிஜி எடுப்பதை அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைக்கவில்லை. தவறான எச்சரிக்கைகள், தொடர் பரிசோதனைகள், செலவு ஆகியவை அதற்கான காரணங்களில் அடங்கும். இசிஜிக்கு 93000 என்ற சிபிடி எண் உண்டு. ஆனால் அறிகுறி எதுவும் இல்லாத மாணவருக்கு அதை நியாயப்படுத்தும் காரணக் குறியீடு கிடைப்பது கடினம். டெக்சஸ் மாநிலம் 2019இல் இயற்றிய சட்டம் இசிஜியைக் கட்டாயமாக்காமல், பெற்றோர் கேட்டுப் பெறும் உரிமையைத் தெரிவிக்கச் செய்தது.

தமிழ்நாட்டுத் தொடர்பு

அமெரிக்க மருத்துவப் பதிவுகளுக்குக் குறியீடு இடும் மெடிக்கல் கோடிங் பணி சென்னை, கோயம்புத்தூர், திருச்சி போன்ற நகரங்களில் பலருக்கு வாழ்வாதாரமாக உள்ளது. உயிரியல், செவிலியம், இயன்முறை மருத்துவம், மருந்தியல் படித்த பட்டதாரிகள் இத்துறையில் மிகுதி. மாணவரையோ மருத்துவரையோ இவர்கள் பார்ப்பதில்லை. பதிவில் எழுதப்பட்டதை மட்டுமே நம்ப வேண்டும். பதிவில் வயதுக்கேற்ற முழுப் பரிசோதனையும் அறிவுரையும் இருந்தால் தடுப்பு மருத்துவச் சந்திப்பு. படிவத்துக்கான பரிசோதனை மட்டும் இருந்தால் இசட்02.5, தெளிவில்லையென்றால் மருத்துவரிடமே கேட்க வேண்டும். அந்த முடிவைப் பொறுத்தே, தொலைவில் உள்ள ஒரு குடும்பத்துக்கு ரசீது செல்வதும் செல்லாததும் அமைகிறது.