மூன்றரை சதவீதம்

1998 மே மாதம் ரஷ்யாவின் நிலக்கரித் தொழிலாளர்கள் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. அந்தக் கோடையில் மாஸ்கோவுக்கும் வந்து, ஹெல்மெட்டைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 1992இல்தான் அரசு ஆளுக்கொரு பத்தாயிரம் ரூபிள் வவுச்சர் கொடுத்து, இனி எல்லாருமே முதலாளி என்றிருந்தது. மூன்றே வருஷத்தில் எண்ணெயும் நிக்கலும் நாலைந்து வங்கிக்காரர்கள் கைக்குப் போய்விட்டன.

நம்மூரில் இதற்கு இணையான கதை நெய்வேலி. மாடம்பாக்கத்தில் என் தலைக்கு மேல் ஓடுகிற ஃபேனுக்கும் அந்தச் சுரங்கத்துக்கும் ஒரு கம்பிச் சொந்தம் உண்டு. 1956இல் தொடங்கிய என்எல்சியை விற்க டெல்லி சும்மா முயலவில்லை. 2006 ஜூனில் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூட்டணியில் இருந்த திமுக முறைத்தது. ஜூலை 6ஆம் தேதி மன்மோகன் சிங் நாடு முழுக்கவே பங்கு விற்பனையை நிறுத்திவைத்தார். ஒரு சுரங்க ஊர் அதைச் செய்தது!

2013இல் மறுபடி வந்தார்கள். இந்தமுறை காரணம் செபியின் அன்றைய விதி: பங்குச் சந்தையில் உள்ள அரசு நிறுவனத்தில் 10 சதவீதமாவது ‘பொதுமக்களிடம்’ இருக்க வேண்டும். மத்திய அரசிடம் இருந்தது 93.56. ஜூலையில் திரும்பவும் வேலைநிறுத்தம். ஜெயலலிதா ஒரு வழி கண்டுபிடித்தார்: டிட்கோ, சிப்காட் உள்ளிட்ட ஐந்து தமிழக அரசு நிறுவனங்கள் அந்த 3.56 சதவீதத்தைச் சுமார் 358 கோடிக்கு வாங்கிக்கொண்டன. செபியும் ஒத்துக்கொண்டது. பொதுமக்கள் என்றால் தமிழக அரசு! எனக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

ஆனால் ஜெயித்தது யார் என்று கேட்டால் கொஞ்சம் தடுமாறணும். பங்கைக் காப்பாற்றிய அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கில் போராடிக்கொண்டிருந்தார்கள். 2014 மார்ச் 17 அன்று காவலுக்கு நின்ற மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் சுட்டதில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி இறந்தார். சுட்ட துப்பாக்கியும் அரசுடையது, சுரங்கமும் அரசுடையது.

நிலம் கொடுத்த கிராமங்களின் கணக்கும் முடியவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பயிர் நின்ற வயலுக்குள் வாய்க்கால் வெட்ட மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. இன்னும் அரசு நிறுவனமாகவே இருக்கிற, நம்முடைய என்எல்சியின் வேலைக்காகத்தான்.