கரும்பினுள் ஒரு கூட்டாளி

1888ஆம் ஆண்டு பிறேசில் மக்களின் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டாகும். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஆபிரிக்க மக்களைக் கரும்புத் தோட்டங்களில் வதைத்த அடிமை முறை அவ்வாண்டிலேயே சட்டத்தால் ஒழிந்தது.

அதே ஆண்டில் ஒல்லாந்த விஞ்ஞானி பெயரிங்க், அவரையினச் செடிகளின் வேர்முடிச்சுகளுள் வாழும் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார். வளியில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன் இருந்தும் பயிர் அதனை நேரே உட்கொள்ள இயலாது. இந்நுண்ணுயிர்களே அதனைப் பயிருக்கேற்ற உணவாக்குகின்றன. செடியோ தான் ஆக்கிய வெல்லச்சத்தை அவற்றுக்கு ஈகின்றது. இருவரும் உழைத்து இருவரும் உண்ணும் வாழ்க்கை இது.

இவ்வறிவைப் பிறேசிலின் வயல்களிற் பயன்படுத்த உழைத்தவர்களுள் தலையாயவர் யோகன்னா டோபரைனர் அம்மையார். 1924இல் செக்கோசிலோவாக்கியாவிற் பிறந்து, உலகப் போரின்பின் ஜேர்மனியில் விவசாயம் பயின்று, 1950இல் பிறேசிலிற் குடியேறினார். ரியோ டி ஜெனீரோ நகருக்கு அண்மையிலுள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையமே அவருடைய களமாயிற்று.

நைதரசன் பசளை இடாத நிலத்திலேயே சோயா இனங்களைத் தெரிவு செய்தல் வேண்டும் என 1960களில் அவர் வற்புறுத்தினார். பசளை மிகுதியாகப் பெறும் செடி முடிச்சு வைப்பதிற் குன்றும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வழியிற் சென்றமையால், பற்றீரியா பூசிய விதையைக் கொண்டே இன்று அந்நாட்டுச் சோயா பெரிதும் விளைகின்றது. நைதரசன் பசளைக்கான பெருஞ்செலவு மிஞ்சுகின்றது.

கரும்பு வேரிலோ முடிச்சுகள் இல்லை. ஆயினும், சொற்பப் பசளையுடன் நெடுங்காலம் பயிரிட்ட வயல்கள் சிலவற்றில் விளைச்சல் குன்றாதிருந்தது ஏன்? 1988இல் அவரும் கவல்காந்தி என்னும் ஆய்வாளரும் கரும்பின் தண்டினுள்ளும் வேரினுள்ளும் வாழ்ந்து நைதரசனைப் பதிக்கும் ஒரு பற்றீரியாவை அறிவித்தனர். கரும்புக்கு அது எவ்வளவு ஈகின்றது என்னும் ஆய்வு இன்றும் தொடர்கின்றது.

அடிமை முறை ஒழிந்து சரியாக நூறாண்டு கழிந்திருந்தது. எனினும், விடுதலை பெற்றவர்களுக்கு அன்று நிலம் பகிரப்படவில்லை. இன்றும் சோயா வயல்களின் பெரும்பகுதி பெரும் பண்ணையாளர் கையிலேயே உள்ளது. மக்கள் பணத்தில் இயங்கிய நிலையத்தில் மலர்ந்த அறிவின் ஆதாயத்தில் அவர்களே பெரும்பங்கு கொண்டனர்.

டோபரைனர் அம்மையார் 2000இல் மறைந்தார். பற்றீரியா நிலவுடைமையாளன் யார் எனக் கேட்பதில்லை. எவன் பயிரிலும் ஒரே வகையாய் உழைக்கின்றது. விளைவைப் பகிரும் முறையை வகுப்பவன் மனிதனே. விஞ்ஞானம் தன் கடனை ஆற்றியது. எஞ்சிய கடன் சமுதாயத்தினுடையது.