சிவந்த முகம்

1955-இல் கனடாவின் சஸ்காட்செவனில் ஆல்ட்சூல், ஹோஃபர், ஸ்டீஃபன் மூவரும், பி3 வைட்டமினான நியாசினைக் கிராம் கணக்கில் கொடுத்தால் கொலஸ்ட்ரால் குறைவதைக் கண்டார்கள். கூடவே முகமும் கழுத்தும் மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி சிவந்து எரிந்தன. இதனாலேயே பலர் மாத்திரையை விட்டார்கள். முன்னாடியே ஒரு ஆஸ்பிரின், அளவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுவது என்று சமாளித்தார்கள். எங்க தொழிலில் இதற்குப் பேர் 'ஒர்க்அரவுண்ட்'.

எனக்குப் பிடித்தது 2011-இல் பாதியில் நின்ற எய்ம்-ஹை ஆய்வு. யாருக்கு எதுன்னு முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று போலி மாத்திரையிலும் துளி நியாசின் கலந்திருந்தார்கள்!

மெர்க் நிறுவனமோ சிவப்பை அடக்க லாரோபிப்ரான்ட்டைச் சேர்த்தது. ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்த 25,673 பேரிடம் இந்தக் கூட்டு மாத்திரை சோதிக்கப்பட்டது. மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லும்படி குறையவில்லை. சர்க்கரை நோய், ரத்தக்கசிவு, தொற்று எல்லாம் கூடியிருந்தன. இதில் எதுவும் முகத்தில் தெரியாது. 2013-இல் ஐரோப்பாவில் விற்பனை நின்றது.