ஏட்டில் ஏறாத பெயர்

ஓர் ஆராய்ச்சியாளரின் பெருமையை உலகம் எதனைக் கொண்டு அளக்கின்றது? அவர் எழுதிய கட்டுரையைப் பின்வந்த அறிஞர் எத்தனை பேர் எடுத்துக் காட்டினர் என்னும் கணக்கைக் கொண்டே பெரும்பாலும் அளக்கின்றது. முறையான அளவுகோலாகவே இது தோன்றும். ஆயின், கட்டுரையில் பெயரே அச்சேறாத ஒருவரை இத்தராசில் எவ்வாறு நிறுப்பது? இருதய அறுவை மருத்துவ வரலாற்றில் இவ்வினாவை எழுப்பி நிற்பவர் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய விவியன் தாமஸ். அவர் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

தாமஸ் 1910-ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தில் பிறந்து, டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் வளர்ந்தார். தந்தையார் தச்சர், மகனும் அத்தொழிலைக் கற்றார். மருத்துவராக வேண்டும் என்னும் ஆசையால் கல்லூரிப் படிப்புக்கெனப் பணம் சேர்த்து வந்தார். 1929-இல் பொருளாதார வீழ்ச்சி வந்தது. தச்சு வேலை போயிற்று. 1930-இல் வாண்டர்பில்ட் பல்கலைக் கழகத்தில் டாக்டர் ஆல்பிரட் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அதே ஆண்டில் வங்கி முறிந்து சேமிப்பும் அழிந்தது. கல்லூரி வாயில் அடைபட்டது. ஆய்வுக்கூடமே அவருக்குக் கல்லூரியாயிற்று. அவர் செய்ததோ ஆராய்ச்சிப் பணி. ஊதியப் பட்டியலில் அவருக்கு இட்ட பெயரோ துப்புரவுப் பணியாளர்!

1941-இல் பிளேலாக் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிறுவனத்திற்குச் சென்றபோது தாமஸையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கே 1943-இல் குழந்தை இருதய நோய் வல்லுநர் ஹெலன் டாசிக் அம்மையார் ஒரு சிக்கலை அவர்கள்முன் வைத்தார். பிறவியிலேயே இருதயக் குறைபாடு கொண்ட சில குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்வதில்லை. உடல் நீலம் பாய்ந்து, பலர் இளமையிலேயே மாண்டனர். நுரையீரலுக்கு இரத்தம் செல்ல வேறு வழி காண முடியுமா என்பதே அம்மையாரின் வினா.

வேறொரு நோக்கத்திற்காக வாண்டர்பில்டில் முன்னரே ஒரு சோதனை நடந்திருந்தது. கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்துப் பார்த்தனர். அன்று எண்ணியது கைகூடவில்லை. ஆனால் அந்த இணைப்பே இப்போது விடையாயிற்று. தாமஸ் முதலில் நாய்களிடம் அந்நோயை ஒத்த நிலையை உண்டாக்கினார். பின் அதனை நீக்கும் வழியைக் கண்டார். ஏறத்தாழ 200 நாய்களிடம் செய்த சோதனைகளால் அவர் கை தேர்ந்தது. நுண்ணிய குழாய்களைத் தைப்பதற்கேற்ற கருவிகளையும் தாமே திருத்தி அமைத்துக் கொண்டார்.

1944 நவம்பர் 29-ஆம் நாள், பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்றிற்கு இவ்வறுவை முதன்முதலாக நடந்தது. கத்தி பிடித்தவர் பிளேலாக். அவர் தோளுக்குப் பின்னே படி போட்டு நின்று, ஒவ்வொரு தையலுக்கும் வழி கூறியவர் தாமஸ். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. எனினும் அடுத்து வந்த குழந்தைகள் நலம் பெற்றனர். பல நாடுகளிலிருந்தும் பெற்றோர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே திரண்டனர்.

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இம்முறையை விளக்கும் கட்டுரை வெளியாயிற்று. எழுதியோர் பிளேலாக், டாசிக் இருவர். தாமஸின் பெயர் அதில் ஓரிடத்தும் இல்லை. அக்கட்டுரை எங்கெங்கு எடுத்துக் காட்டப்பட்டதோ, அங்கெல்லாம் அவ்விருவர் புகழ் வளர்ந்தது. தாமஸின் பெயர் விடுபட்டதும் அங்கெல்லாம் தொடர்ந்தது. ஒரு முறை செய்த புறக்கணிப்பு ஆயிரம் முறை படியெடுக்கப்பட்டது என்றே நாம் கூறுவோம். குடும்பம் காக்க அவர் பிளேலாக்கின் இல்ல விருந்துகளில் மது பரிமாறும் வேலையும் பார்க்க வேண்டியிருந்தது. தம்மிடம் பயின்றவர்களுக்கே பரிமாறிய வேளைகளும் உண்டு!

ஆயினும் கைவழி சென்ற கல்வியை எவராலும் மறைக்க இயலவில்லை. ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில் அவரிடம் அறுவைக் கலை பயின்ற இளம் மருத்துவர்கள் பின்னர் அந்நாட்டின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர்களாயினர். அவர்களே முன்னின்று தம் ஆசானின் உருவப்படத்தை வரைவித்து 1971-இல் அந்நிறுவனத்திற்கு வழங்கினர். 1976-இல் ஹாப்கின்ஸ் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. அறுவை மருத்துவ ஆசிரியராகவும் அமர்த்தியது. 1985 நவம்பரில் அவர் மறைந்தார். அவர் எழுதிய தன்வரலாறு அந்நாள்களிலேயே வெளிவந்தது. நெடுங்காலம் இருவர் பெயரால் வழங்கிய அந்த அறுவையை இன்று மருத்துவர் பலர் பிளேலாக்-தாமஸ்-டாசிக் இணைப்பு என மூவர் பெயராலும் அழைக்கின்றனர்.

இளைஞர்களே! தாமஸின் பொறுமையைப் போற்றுவது மட்டும் போதாது. அப்பொறுமையை அவரிடம் கேட்ட அநீதியையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். திறமை அவரிடம் இருந்தது. பட்டமும் பதவியும் எட்டாத இடத்தில் வைக்கப்பட்டிருந்தன. கற்க வாய்ப்புள்ள நாம் முழுமையாகக் கற்போம், கற்றதை எழுதுவோம், எழுதியதில் நம் பெயரைப் பொறிப்போம். அதனினும் மேலாக, நம்மோடு உழைத்த கடைசித் தொழிலாளியின் பெயரையும் விடாது எழுதுவோம்.