காங்கயத்துத் தொட்டி பிளாஸ்டிக்கோடு ஒட்டிய கதை

காங்கயம், வெள்ளகோவில் பக்கத்து உலர்களங்களில் கொப்பரை எண்ணெய் ஆலைக்குக் கிளம்பிய பிறகு மிஞ்சுவது தேங்காய்த் தொட்டி, அதாவது சிரட்டை. அதில் பெரும்பங்கு கரியாகி, தண்ணீர் வடிகட்டவும் தங்கம் பிரித்தெடுக்கவும் உதவும் ஆக்டிவேட்டட் கார்பனாகிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் அரவை இயந்திரத்துக்குப் போய்ப் பழுப்புப் பொடியாகிறது. 200 மெஷ் சல்லடையைத் தாண்டிய துகள் சுமார் 75 மைக்ரானுக்கு மேல் இருக்காது. கொசுவத்தி, பிளைவுட் பசை, பேக்லைட் எல்லாம் இதன் பழைய வாடிக்கைகள். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் பிற்பாடு வந்தது.

பிளாஸ்டிக்கில் வழக்கமாகக் கலக்கும் சுண்ணாம்புக்கல் பொடியோடு ஒப்பிட்டால் தொட்டிப் பொடியின் எடை ஏறக்குறையப் பாதி. கடினமும் உண்டு. ஆனால் அதன் மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள். அவை ஈரத்தை இழுக்கும். பாலிபுரொப்பிலீனோ மெழுகு மாதிரி, ஈரத்தோடு சேராத சாதி. இரண்டையும் வெறுமனே உருக்கிக் கலந்தால், ஆறியதும் துகளைச் சுற்றி மெல்லிய இடைவெளி விழும். பொருள் விறைப்பாகத்தான் இருக்கும். இழுத்தால் முன்னைவிடச் சீக்கிரம் அறுந்துவிடும். அறுந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், துகள்கள் பிளாஸ்டிக் துளியும் ஒட்டாமல் கழன்றுபோன குழிகள் தெரியும். இன்னும் நைசாக அரைத்தால் சரியாகும் என்பார்கள். ஆகாது. நைசான பொடி தனக்குள்ளேயே கட்டி தட்டும், விரிசல் அந்தக் கட்டியில்தான் தொடங்கும்.

இரண்டையும் ஒட்டவைக்க, பொடியைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பது ஒரு வழி. 1850-இல் ஜான் மெர்சர் பருத்திக்காகக் காப்புரிமை பெற்ற வேலைதான். ஈரோட்டுத் துணி பதனிடும் ஆலைகளுக்குப் புதிதல்ல. மெழுகும் ஹெமிசெல்லுலோஸும் கரைந்து துகள் சொரசொரப்பாகும், பிளாஸ்டிக்குக்குப் பிடி கிடைக்கும். ஆனால் கழுவிய தண்ணீரை எங்கே விடுவது? 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையின் கதியையும் அறிந்த ஊரில் இதை லேசாகக் கடந்துபோக முடியாது.

ஆகவே என் ஓட்டு இரண்டாவது வழிக்கு: மேலிக் அன்ஹைட்ரைடு ஒட்டுச் சேர்த்த பாலிபுரொப்பிலீன். அதன் அன்ஹைட்ரைடு முனை தொட்டியின் ஹைட்ராக்சிலோடு எஸ்டர் பிணைப்பு போடும். நீண்ட சங்கிலியோ சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தைத் தரகர் துண்டுக்கடியில் இருவர் விரலையும் பிடிப்பதுபோல. என்ன, தரகர் பேரம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். இது உள்ளேயே தங்கிவிடும். மொத்த எடையில் சில சதவீதம் போதும்.

பக்குவம் தப்பினால் அதுவும் வீண். பொடியை நன்றாகக் காயவைக்காவிட்டால் உருகலில் குமிழி கிளம்பும். ஈரம் அன்ஹைட்ரைடையும் கெடுக்கும். பாலிபுரொப்பிலீன் உருக 165 டிகிரி வேண்டும். 200-ஐத் தாண்டினால் தொட்டி கருகத் தொடங்கும். எக்ஸ்ட்ரூடர் ஓட்டுபவர் அந்தச் சின்ன இடைவெளிக்குள்தான் வேலையை முடிக்க வேண்டும்.

குருணையாக வெளியே வந்தபின் தொட்டியைத் தனியே பிரிக்க வழியில்லை. ஒட்டு எவ்வளவு பலமோ அவ்வளவு சிக்கல். உடைந்த பொருளைப் பழுப்பாகவே மறுபடி உருக்கலாம். ஒவ்வொரு உருக்கலிலும் தொட்டி இன்னும் கொஞ்சம் கருகும். 'மக்கும் பிளாஸ்டிக்' என்று பெயர் சூட்டி அதை விற்பவர்களிடம், உள்ளே இருக்கும் பாலிபுரொப்பிலீன் எப்போது மக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.